ஏசி அப்புறம்... முதலில் ஓட்டையை அடைப்போம்!

நம் சுவர் இதழில் மரம், மழைநீர், பிளாஸ்டிக் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு கிழட்டுக் காரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நம்ம பெருங்களத்தூரில், வண்டலூர் போகும் வழியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1961-இல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார் அங்கேதான் வெளிவரத் தொடங்கியது. 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ வந்தது. 1980-களின் கடைசியில் கார் செய்வது நின்றுபோனது. என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு ஓனர் மாமாவிடம் ஒரு ஹெரால்டு இருக்கிறது. அதைத் துடைப்பது, பார்த்துக்கொள்வது எல்லாம் தாத்தாதான்.

போன சித்திரையில் அந்த வண்டியில் எல்லோரும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். முன் சீட்டில் கால் வைக்க முடியவில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அனல். என் தங்கச்சி தலை சுத்துதுன்னு சொல்லி வாந்தி எடுத்துவிட்டாள். அன்று மாலையே மாமா, “இனிமே இது சரிப்படாது, காயலான் கடைக்குப் போட்டுடலாம்” என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். “ஏசி போட்டுட்டா எல்லாம் சரியாயிடும் சார்” என்றார். அப்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். “ஓட்டப் பானையில எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் நிக்குமாப்பா?”

தாத்தா சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெரால்டின் இன்ஜின் சின்னது, 948 சி.சி.தான். ஏசியின் கம்ப்ரஸரை அந்த இன்ஜின்தான் சுற்ற வேண்டும். அதற்கு வேலை கூடினால் சூடும் கூடும். ஏசி வெளியே தள்ளும் சூடும் ரேடியேட்டர் முன்னாலேயே வந்து சேரும். பழைய டைனமோவுக்கு அவ்வளவு கரண்டு கொடுக்கத் தெம்பும் கிடையாது. உள்ளே வரும் சூட்டை நிறுத்தாமல் ஏசி போடுவது, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொசுவத்தி ஏற்றுவது போலத்தான்.

வெப்பம் மூன்று வழியில் வரும் என்று அறிவியலில் படித்திருக்கிறோம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேனே தவிர, காருக்குள் அந்த மூன்றும் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று ராத்திரி தாத்தா இன்ஜின் பக்கம் ஒரு பல்பை எரியவிட்டு, பானெட்டை மூடினார். என்னை உள்ளே இருட்டில் குனிந்து பார்க்கச் சொன்னார். அம்மாடி! இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். வயர் போகும் துளைகளில் இருந்த ரப்பர் மக்கி உதிர்ந்திருந்தது. கியர் பாக்ஸ் மூடியின் ஓரம் கிழிந்திருந்தது. இது வண்டியைச் செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை. ஐம்பது வருஷம் ஆனால் ரப்பர் என்ன செய்யும்?

சூடான காற்று அந்த வழியாகத்தான் வந்தது. இது சலனம். காற்று வரும் வழியில் புகையும் வரும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். அளவு கூடினால் உயிரே போகும். தங்கச்சிக்கு வந்தது வெயிலாலா, புகையாலா என்று நினைத்தால் இன்னும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் ஓட்டை அடைப்பது சொகுசுக்காக இல்லை, உயிருக்காக.

துளைகளுக்குப் புது ரப்பர் போட்டோம். சைலன்சர் குழாயில் கசிவு இருந்த இடத்தையும் மெக்கானிக் அண்ணனே சரி செய்தார். குழாய்க்கும் தரைத் தகரத்துக்கும் நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு, இரண்டிலும் ஒட்டாமல் இடைவெளி விட்டு மாட்டினார். அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். உள்ளே தரையில் கடத்தலைக் குறைக்க மேட் போட்டோம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பழைய ஆட்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டி வைக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம். அடுத்தது, சணல் சாக்கும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். சாக்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டால் தரைத் தகரம் துருப்பிடித்து விழுந்துவிடும். தண்ணீர் இறங்காத ஃபோம்தான் நம்ம ஊருக்குச் சரி.

ஏசிக்குச் சொன்ன பணத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. இப்போது கார் ஊட்டி மாதிரி ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மே மாத மத்தியானத்தில் வியர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கால் வைக்க முடிகிறது. தங்கச்சி வண்டலூர் வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். காயலான் கடைப் பேச்சும் நின்றுவிட்டது.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் காசைக் கொட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தகரக் கூரை வீட்டுக்கும் இதுதான். இரண்டாவது ஃபேன் வாங்குவதற்கு முன்னால் கூரைக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தக் காராக இருந்தாலும், வெயிலில் மூடி நிறுத்தினால் பத்து நிமிடத்திலேயே உள்ளே பத்து டிகிரி வரை ஏறிவிடும். “இதோ வந்துடறேன்” என்று சின்னப் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

பழசு என்றாலே தூக்கிப் போடுவதற்கு முன், ஒருநாள் ராத்திரி விளக்கு வைத்து ஓட்டையைத் தேடுவோமே!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி