பழைய நெஞ்சுக்குப் புதிய புகையா?

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் நாளெல்லாம் உழைத்து, இரவில் ஆண்டர்சன்பேட்டை திரும்பும் நம் இளைஞர்களில் சிலர் பீடிக்கட்டை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் பேனா போன்ற ஒரு கருவி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மின் சிகரெட். "நெருப்பில்லை, சாம்பலில்லை, நாற்றமில்லை. பீடியைவிடப் பாதுகாப்பானது. இதைவிட நல்லது வந்தால் அதற்கும் மாறிக்கொள்ளலாம்" என்பது விற்பவனின் வாய்ப்பாடு. இந்த வாய்ப்பாடு உண்மையா, பொய்யா? உண்மை என்றால் எவ்வளவு உண்மை? பொய் என்றால் யாருக்கு லாபம்? இதை நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

ஏனெனில், "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடக் கூடிய ஊரல்ல கோலார் தங்கவயல். 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை இங்கே தங்கம் தோண்டினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையைத் துளைத்த நம் பாட்டன்களும் தகப்பன்களும் தங்கத்தை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, தூசை மட்டும் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனைகளில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் தூசு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய் வேலையை விட்டவுடன் விலகும் நோயல்ல. சுரங்கம் மூடிய அன்று நாற்பது வயதாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் நெஞ்சில் புகுந்த தூசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசு வேறு. அதன்மேல் பீடிப் புகையும் சேர்ந்தால், நுரையீரல் புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் வழி இன்னும் அகலமாகிறது.

இரண்டு "பாதுகாப்புகள்"

தூசைத் தடுக்க உலகச் சுரங்கங்களில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, துளைக்கும்போது தண்ணீர் பாய்ச்சித் தூசை அடக்குவது. இது மெய்யான பாதுகாப்பு. தூசை அளந்து பார்க்கலாம். குறைந்ததா இல்லையா என்று சொல்லலாம். குறையவில்லை என்றால் நிர்வாகத்தைக் கேட்கலாம்.

மற்றொன்றைக் கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தங்கச் சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, ஷிப்டு தொடங்குமுன் தொழிலாளரை ஓர் அறையில் அடைத்து, அலுமினியத் தூளை ஊதிச் சுவாசிக்க வைத்தார்கள். சிலிகோசிஸ் வராமல் காக்கும் என்று சொன்னார்கள். தூசைக் குறைக்கச் செலவு செய்வதைவிட நெஞ்சில் இன்னொரு தூளை நிரப்புவது கம்பெனிக்கு மலிவு! அந்தத் தூளைச் சுவாசித்தவர்களுக்குப் பார்கின்சன் நோய் அதிகம் வந்தது என்று 2020இல் வெளியான ஆய்வு கண்டது. 2022இல்தான் அந்த மாகாணம் அதைத் தொழில்சார்ந்த நோயாகத் தன் சட்ட விதிகளில் சேர்த்தது. தொடங்கியது 1943, ஒப்புக்கொண்டது 2022. நடுவில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே, "இது பாதுகாப்பு" என்று ஒருவன் சொன்னால் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. எதைவிடப் பாதுகாப்பு? அளந்து பார்த்தவர் யார்? தவறினால் பதில் சொல்பவர் யார்?

கருவியின் கதை

மின் சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் சீன மருந்தாளர் ஹான் லிக். பாட்டரியால் ஒரு கம்பிச்சுருள் சூடேறுகிறது; நிக்கோட்டினும் வாசனைப் பொருளும் கலந்த திரவம் ஆவியாகிறது; அதை உள்ளே இழுக்கிறார்கள். புகையிலை எரிவதில்லை. எனவே பீடி, சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. பீடியோ காற்றுப் புகாத இலையில் சுற்றியது; அணையாமலிருக்க அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் நஞ்சும் அதிகமாக உள்ளே போகிறது. புகைப்பவர் முழுவதுமாக இதற்கு மாறினால் தீங்கு குறையும் என்று பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. 2023இல் பத்து லட்சம் பேருக்கு இதைக் கொடுத்துச் சிகரெட்டைக் கைவிடச் செய்யும் திட்டத்தையும் அந்த அரசு அறிவித்தது. இதை மறைப்பது நேர்மையல்ல.

ஆனால் தீங்கு குறைவு என்பது வேறு, தீங்கில்லை என்பது வேறு. நிக்கோட்டின் ஆளை அடிமைப்படுத்தும். திரவம் தீர்ந்த பின்பும் சுருள் காய்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்னும் நஞ்சு உண்டாகும். மட்டமான பாட்டரி வெடித்துக் காயமடைந்தவர்கள் உண்டு. 2019இல் அமெரிக்காவில் கலப்படத் திரவத்தை இழுத்து நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் மாண்டார்கள். அந்தத் திரவங்களில் பெரும்பாலானவை கஞ்சாச் சத்துக் கலந்து கள்ளத்தனமாக விற்கப்பட்டவை.

இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. கர்நாடக அரசு 2016லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே பெங்களூர்ச் சந்தில் நம் பிள்ளை வாங்கும் கருவி கள்ளச்சரக்கு. அதில் என்ன ஊற்றியிருக்கிறது என்று அளந்தவர் இல்லை. சுருள் காய்ந்தால் நிற்குமா என்று சோதித்தவர் இல்லை. நெஞ்சு கெட்டால் பதில் சொல்பவரும் இல்லை. பிரிட்டனில் சோதித்து விற்கும் பொருளுக்குச் சொன்ன நற்சாட்சியை, இங்கே சந்தில் விற்கும் பொருளுக்கு ஒட்டவைப்பது மோசடி. இதில் "இன்னும் நல்ல மாடலுக்கு மாறு" என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

தடை மட்டும் போதுமா?

போதாது என்பதே எங்கள் கருத்து. மின் சிகரெட்டுக்குச் சிறை. பீடிக்கும் சிகரெட்டுக்கும் தெருவுக்குத் தெரு பெட்டிக்கடை! நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கே பெரிய பங்கு இருக்கிறது. குறைந்த தீங்கை மூடிவிட்டு, அதிகத் தீங்கைத் திறந்து வைத்து, விட நினைப்பவனுக்கு வழியும் காட்டாமல் விட்டால், அந்தத் தடையால் யார் பிழைப்பார்? பிள்ளைகளைக் காக்கத் தடை வேண்டும் என்றால் சரி. நாற்பது ஆண்டு பீடி குடித்த முதியவரைக் காக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? இதற்கு அரசு பதில் சொல்லவேண்டும்.

பதில் இல்லாத விஷயமல்ல இது. நிக்கோட்டின் சூயிங்கம் சோதித்து அங்கீகரிக்கப்பட்ட மருந்து; 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் இருப்பது போதாது, தங்கவயலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கைக்கு வரவேண்டும். சுரங்கத்தில் உழைத்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொருமுறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் நடத்தவேண்டும். புகையை விட உதவும் ஆலோசனை, அவர்கள் பேசும் தமிழிலேயே கிடைக்கவேண்டும். இவை சலுகைகள் அல்ல. இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கத்துக்கு நம் குடும்பங்கள் மூச்சால் கொடுத்த விலையில், திரும்பிவர வேண்டிய சிறு பாகம்.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பையில் அந்தக் கருவியைக் கண்டால் அடித்துத் துரத்தாதீர்கள். எங்கே வாங்கினாய், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவனுக்கே தெரியாது என்பது அப்போது அவனுக்குப் புரியும். பீடியை விட விரும்பும் பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள்; கூட நில்லுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட வழி சொல்கிறார்கள். இன்றே பேசச் சொல்லுங்கள். அரசிடம் கேட்பதைச் சங்கமாகக் கூடிக் கேட்போம். தூசைப் பற்றி நம் தகப்பன்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. புகையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.