கைதட்டுபவருக்கா, மறுப்பவருக்கா?

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இடஒதுக்கீடு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். துறையின் கையெழுத்து இதழில் வந்தது. விடுதித் தோழர்கள் கொண்டாடினார்கள். ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். என் அறைத்தோழன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஊரில் ஆதிக்கம் செய்யும் பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்தவன். அப்பா லாரி ஓட்டுநர், வீட்டில் நிலமில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னான்: "என்னைத் திட்டியிருக்க. சரி. என்கிட்ட எதுவும் பேசலையேடா."

அப்போது கோபம் வந்தது. பல வருடம் கழித்து அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தபோதுதான் வெட்கம் வந்தது. மனு இருந்தார், வேதம் இருந்தது, 'ஈராயிரம் ஆண்டு அடிமைத்தனம்' மூன்று இடங்களில் இருந்தது. தமிழ்நாட்டின் 69 சதவீதம் எப்படிப் பிரிகிறது என்று ஒரு வரி இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அவன் அந்த 30-இல் இடம் பெற்றவன். அவன் பெட்டியிலும் ஒரு சாதிச் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் 'கோட்டா' என்பது என்னைக் குறிக்கும் சொல் என்றே அவன் நினைத்திருந்தான். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

இன்று எங்களுக்கு வரும் இளம் தோழர்களின் கட்டுரைகளில் பாதி, என் பழைய கட்டுரையைப் போலவே இருக்கின்றன. நியாயம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவரைத் தவிர வேறு யாரோடும் அவை பேசுவதில்லை.

மறுப்பவரோடு எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களிடம் நான் 'சாதி ஒழிப்பு' நூலைத்தான் நீட்டுவேன். லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் 1936-ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. சாதி ஒழிய வேண்டும் என்று சொன்ன சாதி இந்துக்களின் அமைப்பு அது. எதிரே உட்காரப் போகிறவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆனால் சாத்திரங்களைக் கைவிடத் துணியாதவர்கள். இது தெரிந்தேதான் அவர் அந்த உரையை எழுதினார்.

உரையின் தொடக்கப் பகுதியைக் கவனியுங்கள். தத்துவத்துக்கு முன்பே ஊர்ப்பெயர்கள் வந்துவிடுகின்றன. பேஷ்வா ஆட்சியின் புனேயில் தீண்டப்படாதவர்கள் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் மண்கலயமுமாக நடக்க வேண்டியிருந்தது. இந்தூர் வட்டாரத்தில் பலாய் மக்கள் மீது சுமத்தப்பட்ட கட்டளைகளுக்கு 1928 ஜனவரி 4 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' செய்தியை ஆதாரம் காட்டுகிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாராவில் யாத்திரை முடித்து வந்த ஒருவர் தன் மக்களுக்கு விருந்து வைக்கிறார். பரிமாறியதில் நெய் இருந்தது. அதற்காகத் தடிகளோடு வந்தவர்கள் உணவைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அந்த 'நெய்' செய்கிற வேலையை 'கொடூரம்' என்ற சொல்லை நூறு முறை எழுதினாலும் செய்ய முடியாது. அவர் காசில் அவர் சொந்தங்கள் நெய் சாப்பிட்டால் இவர்களுக்கு என்ன என்ற கேள்வி, படிப்பவர் மனதில் தானாகவே எழுகிறது.

பிறகு எதிர்வாதங்களை எடுக்கிறார். சாதி வெறும் வேலைப்பிரிவினைதானே என்பவரிடம், அது வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்கிறார். பொருளாதாரம் மாறினால் எல்லாம் மாறும் என்ற சோசலிஸ்டுகளிடம், சாதியால் பிரிந்துகிடக்கும் ஏழைகள் அந்தப் புரட்சிக்கு எப்படி ஒன்றுசேர்வார்கள் என்று கேட்கிறார். எதிராளியின் வாதத்தை அசட்டுத்தனமாகத் திரித்துவிட்டு அடிப்பது சுலபம். அவர் வலுவான வாதங்களைத்தான் எடுத்துக்கொண்டார். அதன் பிறகே முடிவுக்கு வருகிறார்: சமபந்தி போதாது, கலப்புமணம் வேண்டும், அதைத் தடுக்கும் சாத்திரங்களின் அதிகாரம் தகர்க்கப்பட வேண்டும்.

மண்டல் பதறியது. சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். அவர் தலைமையில் அந்த மாநாடு நடக்கவே இல்லை. தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து, தன் பதிலையும் வைத்தார் அம்பேத்கர். நாமோ எதிராளியின் பதிவில் பாதியை வெட்டி ஸ்கிரீன்ஷாட் போடுகிறோம்.

"அடி வாங்குகிறவன்தான் அடிக்கிறவனுக்குப் புரியவும் வைக்கணுமா, அண்ணா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. கடமை இல்லை. வெறும் கோபத்தை எழுதும் உரிமையும் உண்டு, அதற்கான நாட்களும் உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்த அன்று யாரிடமும் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. தடியோடு வருகிறவன் நம் கட்டுரையைப் படிக்கப் போவதுமில்லை. ஆனால் அவனுக்கும் நமக்கும் நடுவில் ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பக்கத்துக் கட்டிலில். அவர்களுக்கு எழுதுவதென்று முடிவெடுத்தால் அதற்கான உழைப்பைக் கொடுக்க வேண்டும். கெஞ்ச வேண்டாம், முடிவை நீர்க்கச் செய்யவும் வேண்டாம்.

என் பழைய கட்டுரையைப் போன வருடம் திரும்ப எழுதினேன். அறைத்தோழன் அடிக்கடி கேட்ட கேள்வியை அவன் வார்த்தைகளிலேயே முதல் பத்தியில் வைத்தேன்: "கலெக்டர் மகனுக்கு எதுக்குடா கோட்டா?" அடுத்து 69-இன் கணக்கு. பிறகு, தமிழ்நாட்டின் மாநில இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கும் கிரீமிலேயர் கிடையாது; மில் முதலாளி மகனும் அந்த 30-இல் வரலாம் என்பது. இதைச் சொல்லிக்காட்டி நிறுத்தவில்லை. இது ஏன் சரி என்றும் எழுதினேன். அரசமைப்பின் 16(4) வறுமையைப் பற்றிப் பேசவில்லை, அரசுப் பணியில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாததைப் பற்றிப் பேசுகிறது. ஏழைக்கு உதவித்தொகை கொடுக்கலாம். காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நாற்காலி வேண்டும். மனு கடைசிப் பக்கத்தில்தான் வந்தார், ஒரே ஒரு முறை.

எழுதி முடித்ததும் அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு வரி வந்தது: "அப்ப என் பொண்ணு வேலை பார்க்குற கம்பெனியில ஏன் இதெல்லாம் இல்ல?"

தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய கட்டுரையை அந்த வரியில்தான் தொடங்கியிருக்கிறேன்.