சர்வரின் நாடி

சர்வர் என்றவுடன் தோசைத் தட்டும் கையுமாக வருபவரை எண்ணிவிட வேண்டா. நான் பேச வந்தது கணினிச் சர்வரைப் பற்றி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சென்று மோதுகிறோமே, அதைப் பற்றி. அது மூச்சடைத்து நின்றதும் மறுபடி இயக்கிவிடுகின்றனர். ஓடத் தொடங்கிவிடும், ஆயின் ஏன் நின்றது என்னும் தடயமும் அதன் நினைவகத்தோடு அழிந்துபோகும்.

காரணம் கேட்டால் "நெரிசல்" என்பர். அது விடையன்று. தரவுத்தளத்துக்குரிய இணைப்புகள் தீர்ந்தனவா? நினைவகம் நிரம்பியதா? ஒரு வேலை முடியட்டும் என்று மற்றொரு வேலை காத்து, இரண்டுமே முடங்கினவா? நினைவகம் நிரம்பும் கணத்திலேயே அதன் படியைக் கோப்பில் இறக்கிவைக்குமாறு ஜாவா சர்வருக்கு ஒரே வரியில் ஆணையிடலாம். அந்த வரியை முன்னமே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோயுற்ற நாளின் கணக்கு மட்டும் போதாது; நலமாயிருந்த நாளின் கணக்கும் வேண்டும். இதற்குச் சான்று தேடி நாம் அயலூர் செல்ல வேண்டுவதில்லை. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-இல், இத்திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் எழுந்தது. 1852-இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், காந்த ஊசியின் அசைவை மணிக்கு மணி குறிக்கச் செய்தார். 1855-இல் அகத்தியர் மலையிலும் ஒரு நிலையம் அமைத்தார். அட்டையும் மழையும் நிறைந்த அம்மலையில் அமர்ந்து, ஒன்றுமே நிகழாத நாள்களையும் குறித்தவர்களை எண்ணிப் பாருங்கள்! அமைதியான நாளின் அளவு தெரிந்தால்தானே கொந்தளித்த நாள் தெரியும்?

எல்லாவற்றையும் குறித்தாலும் கேடுதான். எழுதுவதிலேயே சர்வர் களைத்துவிடும். கடவுச்சொல்லைப் பதிவேட்டில் விழவிடுவதை நான் குற்றம் என்றே சொல்வேன். சராசரியையும் நம்ப வேண்டா. தொண்ணூற்றொன்பது பேருக்கு அரை வினாடி, ஒருவருக்கு ஐம்பது வினாடி என்றால், சராசரி ஏறத்தாழ ஒரு வினாடிதான். அந்த ஒருவர் நாமாக இருந்தால்?

குறித்ததைப் படிக்கவும் ஆள் வேண்டும். 2012 ஆகஸ்டு 1 அன்று, அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனக் கணினிகள், சந்தை திறக்குமுன்பே ஒரு பிழையைக் குறித்து 97 மின்னஞ்சல்கள் அனுப்பின. எவரும் பொருட்படுத்தவில்லை. சந்தை திறந்து 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. நம் நாட்டிலும், பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஆணையிட்டது. காப்பதற்குச் சட்டம் உண்டு; படிப்பதற்கு?

காரியவட்டத்தில் பயின்று, பக்கத்திலுள்ள டெக்னோபார்க்கில் பணிக்குச் செல்லும் கனவு நம்மில் பலருக்கு உண்டு. செய்முறைத் தேர்விலோ, நிரல் ஓடியதா என்றே பெரும்பாலும் பார்க்கின்றனர். ஓடாதபோது அது என்ன எழுதிவைத்தது என்று பார்க்கவும் பத்து மதிப்பெண் ஒதுக்குமாறு நம் சங்கம் துறைத்தலைவர்களைக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகவே முன்மொழிய எண்ணியுள்ளேன்.