குப்பைமேடும் சரித்திரம்தான்

"நம்மகிட்ட என்னய்யா சரித்திரம் இருக்கு? பால் வெட்டினோம், வாளி தூக்கினோம், பொழுது போச்சு!" தோட்டத்துப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம்.

செபராங் பிறையின் வடபகுதியில், மூடா ஆற்றுக்குப் பக்கத்தில் குவார் கெப்பா என்று ஓர் இடம் இருக்கிறது. 2017-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று ஆராய்ந்து சொன்னார்கள். 'பினாங்குப் பெண்' என்று பெயரும் வைத்தார்கள். அவள் கிடந்தது அரண்மனையிலா? இல்லை. அந்தக் காலத்து மக்கள் தின்றுவிட்டுப் போட்ட கிளிஞ்சல் ஓட்டுக் குவியலில்! நம் பேச்சில் சொன்னால் அடுப்படிக் குப்பைமேடு. இன்று பினாங்கின் ஆதிகுடிகளைப் பற்றிப் பேசும் பெரிய சாட்சி அதுதான்.

ஆனால் அருமை தெரியாத காலத்தில் அந்த ஓடுகளைச் சுண்ணாம்புக்காக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். 1930-களில் தோண்டி எடுத்த எலும்புகளோ நெதர்லாந்துக்குக் கப்பலேறின. மிஞ்சிக் கிடந்ததுதான் 2017-இல் நம் கண்ணில் பட்டது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய அன்றுதான் பினாங்கு பிறந்தது என்று படித்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

ஜார்ஜ்டவுனில் 1986 முதல் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை என்ற அமைப்பு பாடுபட்டு வருகிறது. பழைய தெருக்களையும் கட்டடங்களையும் தொழில்களையும் காக்க வேண்டும் என்று குரல் கொடுக்கிறது. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுச் சின்னமாயிற்று. 1833-இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. இதில் நமக்கும் பெருமைதான்.

ஆனால் அந்த எல்லை பட்டணத்தோடு நின்றுவிடுகிறது. நம் கதையோ கடலுக்கு இக்கரையில், செபராங் பிறையில் கிடக்கிறது. பத்து காவானிலும் கலிடோனியாவிலும் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் முன்னோர். 1910-இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று பத்து காவானில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் அங்கேதான் கரையேறுகிறது. முன்னேற்றத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லயம் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு நாளை ஆள் வேண்டாமா? அதைத்தான் கேட்கிறோம்.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளே! இந்த ஞாயிற்றுக்கிழமையே தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, எத்தனை மணிக்குப் பெரட்டு, என்ன கூலி என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயரையும் தோட்டத்தையும் குறித்து வையுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, சம்பளத் துண்டு எதையும் வீடு மாறும்போது எரித்துவிடாதீர்கள். குடியுரிமைக்கு அலைகிற குடும்பத்துக்கு அந்தக் கிழிந்த தாளின் விலை நன்றாகத் தெரியும்.

பட்டணத்துச் சரித்திர ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கமும் வாருங்கள். தமிழில் கேளுங்கள், எங்கள் பாட்டிமார் விடியும்வரை சொல்வார்கள். தோட்டத்து ஆலயக் குழுவினரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அதற்கு வழி செய்து தர வேண்டும்.

கிளிஞ்சல் ஓடு ஐயாயிரம் ஆண்டு காத்திருந்தது. பாட்டியின் நினைவு அவ்வளவு நாள் காத்திருக்காது.