தாயும் மாணவியும் ஒருத்தியே!

தோழா!

மேடையிலே ஒரே நடிகை இரு வேடம் பூண்டு வந்தால் கைதட்டி மகிழ்கிறோம். அரசியாகவும் அவளே, ஆண்டியின் மகளாகவும் அவளே! "என்ன திறமை!" என்று வியக்கிறோம். அங்கே வேடம். வாழ்விலே ஒரு பெண், நடக்க இயலாத பிள்ளைக்குத் தாயாகவும் கல்லூரியிலே மாணவியாகவும் இரு சுமை தாங்கி நின்றால், "ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வா, பிறகு உதவி தருகிறோம்" என்கிறது ஒரு சட்டம்!

எந்த நாட்டுச் சட்டம் என்கிறாயா? மக்கள் நல அரசுக்கு இலக்கணம் வகுத்ததெனப் பாராட்டப்படும் பிரிட்டனின் சட்டம்.

1976ஆம் ஆண்டு அந்நாடு, ஊனமுற்றோரைப் பேணுவதற்காக வேலையைத் துறந்தோர்க்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணமான பெண்டிர்க்கு அது கிடையாது என்றும் உடன் எழுதி வைத்தது! மனைவி எப்படியும் வீட்டிலே கிடப்பவள்தானே, அவளுக்கு எதற்குக் காசு என்ற நினைப்பு! பத்தாண்டு கழிந்தது. தன் தாயைப் பேணுவதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் எனும் பெண்மணி வழக்காடினார். 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், இது ஆண் பெண் என்று பேதம் பார்ப்பது, தகாது என்று தீர்ப்பளித்தது. ஒரு கதவு திறந்தது.

மற்றொரு கதவோ மூடியே கிடந்தது. வாரத்துக்கு 35 மணி நேரமாவது பேணுவோர்க்குத் தொகை உண்டு. ஆனால் வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ பயில்வோர்க்கு இல்லை! 2025 ஏப்ரலில் அந்தத் தொகை வாரம் 83.30 பவுண்டாக உயர்ந்தது. முழுநேர மாணவிக்கோ ஒரு பென்னியும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார், தோழா! வாரத்துக்கு 168 மணி நேரம். பேணுவதற்கு 35, பயில்வதற்கு 21, கூட்டினால் 56. படிப்பவளால் பேண முடியாதென்று எந்தக் கணிதம் சொல்கிறது? பிள்ளைக்கு மருந்தூட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அது கண்ணயர்ந்த பின் ஏடு திறப்பவளைப் பார்த்து, "உனக்கு ஓய்வு மிகுதி" என்று கூற எந்த நாக்குத் துணியும்?

ஸ்காட்லாந்து விழித்துக்கொண்டது. 2023 நவம்பரில் தனக்கென ஒரு பராமரிப்பாளர் உதவித்தொகையைத் தொடங்கி, முழுநேர மாணவர்க்கும் அதிலே இடமளித்தது. 2024 நவம்பரில் நாடெங்கும் அது பரவிற்று. ஆஸ்திரேலியாவும் 2025 மார்ச்சில், பராமரிப்பாளர் வெளியே செலவிடும் நேரத்துக்கு விதித்திருந்த வரம்பிலிருந்து படிப்பு நேரத்தை நீக்கிவிட்டது.

"கடல் கடந்த கதை நமக்கெதற்கு?" என்பார் உண்டு. புதுவை மண்ணில் நின்று அப்படிக் கேட்கலாமா? உரிமை, சமத்துவம், உடன்பிறப்பு என்று எழுதி வைத்த ஆட்சியை நோக்கி, "எழுத்திலே இருப்பது எங்கள் வாழ்விலே எங்கே?" என்று கேட்டு, 1954 நவம்பர் 1ல் அதனை வழியனுப்பிவைத்த ஊரல்லவா இது! அதே அளவுகோலால் இன்றைய எழுத்தையும் அளப்போம்.

அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, கல்வி பெறுதலையும், ஊனமுற்ற நிலையிலே பொது உதவி பெறுதலையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியமின்றிப் பேணும் பெற்றோரையும் பராமரிப்பாளர் என ஏற்கிறது. மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் வகுக்கலாம் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. படிப்பவர் பராமரிப்பாளர் ஆகார் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. "பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் உண்டு. ஆள்வோர் அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வர்!

மத்திய அரசின் விதிப்படி, அரசுப் பணியிலுள்ள தாய்க்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு 730 நாள். பிள்ளைக்கு 18 வயது எனும் வரம்பும், ஊனமுள்ள பிள்ளையாயின் இல்லை. இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர்க்கு, மாநில விதியில் இடமில்லையென அவ்விடுப்பு மறுக்கப்பட்டபோது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இது சலுகையன்று, அரசியல் சட்டம் சார்ந்த கடமை என்று எடுத்துரைத்தது. மகிழ்கிறோம்! ஆனால் அதே வகுப்பறையில், மேசைக்கு அந்தப் புறம் நிற்கும் ஆசிரியைக்கு உள்ள தாய்மை, இந்தப் புறம் அமர்ந்திருக்கும் மாணவிக்கு இல்லையா? ஊனமுற்ற பிள்ளையைப் பேணுவோர்க்குப் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. கடும் ஊனமெனில் 1,25,000. வருமானமே இல்லாதவளுக்கு வரிக் கழிவு எதற்கு உதவும்?

புதுவையின் நிலப்படத்தைப் பார். மாஹேயின் எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே ஆஸ்வாசகிரணம் எனும் திட்டத்தின் கீழ், வேலைக்குச் செல்ல இயலாத பராமரிப்பாளர்க்கு மாதம் 600 ரூபாய் என வகுத்திருக்கிறார்கள்; அச்சிறு தொகையும் மாதக்கணக்கில் நிலுவையாய் நின்ற காலமுண்டு. காரைக்காலின் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அறிவுசார் குறைபாடு உடையோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முதலானோர்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. ஒரே யூனியன் பிரதேசத்தின் மக்கள், எல்லைக் கல்லுக்கு அப்பால் உள்ளதைப் பார்த்துப் பெருமூச்சு விடத்தான் வேண்டுமா?

புதுவை அரசும் மாற்றுத்திறனாளிக்கு மாத உதவித்தொகை தருகிறது. அது பிள்ளையின் உரிமை, பிள்ளைக்கே உரியது. நாம் கேட்பது, பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் கைக்கு உரியது. அத்தொகை, தாயானாலும் தந்தையானாலும், பேணுபவர் பெயரில் வரட்டும். "கல்வி பயில்வது இவ்வுதவிக்குத் தடையாகாது" என்ற ஒரு வரி விதியிலே தெளிவாக எழுதப்படட்டும். எழுதாத இடத்திலே எழுத்தர் தம் விருப்பத்தை எழுதிவிடுவார்!

"கல்வி உதவித்தொகைதான் இருக்கிறதே" என்பர். அது கல்லூரிக் கட்டணத்துக்கு. இது அவள் இழக்கும் கூலிக்கு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றால் பசித்தவள் எதைத் தேர்வாள்? இன்றைய சில நூறு ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு நாளைய பட்டத்தைக் கைவிடுவாள். அத்தாயும் பிள்ளையும் ஆயுளெல்லாம் அரசின் வாயிலிலே நிற்பர். கல்லூரிப் படிக்கட்டைப் பாதியிலே விட்டு இறங்கியவன் சொல்கிறேன்: மறுபடி ஏறுவது எளிதன்று!

ஆகவே, தோழா, லாசுப்பேட்டை முதல் முத்தியால்பேட்டை வரை, உன் வட்டத்திலே இத்தகைய வீடு எது என்று தேடிச் செல். மனு எழுதிக் கொடு. தொகுதி உறுப்பினரிடம் எடுத்துச் செல். சட்டமன்றத்திலே கேள்வியாக அது எழும்பட்டும்.

தலையெழுத்து, தலைவிதி என்று சொன்னவர்களை நம்பாத இயக்கம் நம் இயக்கம். பிரம்மன் எழுதினான் என்ற விதியையே மறுத்த நாம், அதிகாரி எழுதும் விதியை மட்டும் மாற்ற முடியாதென்று நம்பலாமா?