போர்டு வைத்தவனுக்கு மட்டும் சட்டமா?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள் போய்விட்டன. தங்க வரும் வெளிநாட்டவர் விவரத்தைத் தெரிவிக்கும் படிவத்துக்கு எந்த எண் கொடுத்தாலும் நம் கவுண்டரில் அது சி ஃபார்ம்தான். கெடுவும் அதே 24 மணி நேரம்தான். தண்டனைப் பிரிவுகள் கனத்திருக்கின்றன. ஆஸ்பத்திரிகளும் கல்வி நிறுவனங்களும் நம்மோடு வரிசையில் நிற்கின்றன. நம் நிலைப்பாடு என்ன என்று லாட்ஜ் நடத்துவோரும் ஆசிரம விருந்தினர் விடுதிப் பொறுப்பாளர்களும் கேட்டபடி இருக்கிறார்கள். ஒரு விருந்தினரைக்கூட விடாமல் பதிவு செய்யுங்கள் என்பதுதான் பதில். அதில் பேரம் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

மசோதா மீதான விவாதத்தில், இந்த நாடு தர்மசாலை அல்ல என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 மார்ச்சில் மக்களவையில் சொன்னார். சத்திரங்களால் வளர்ந்த திருவண்ணாமலையில் உட்கார்ந்து அதைக் கேட்கச் சற்று சங்கடமாகத்தான் இருந்தது. போகட்டும். தேசப் பாதுகாப்பு என்றால் நாமும் அதில் ஒரு கண்ணி என்று ஏற்கிறோம். அந்தக் கண்ணி எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதுதான் கேள்வி.

டேவிட் கோல்மன் ஹெட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தாவூத் கிலானி என்ற பெயரை 2006இல் மாற்றிக்கொண்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டோடும் சிகாகோ இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த விசாவோடும் வந்தவன். லஷ்கருக்காக மும்பையை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தான். 26/11 முடிந்த பிறகும் 2009 மார்ச்சில் கூசாமல் திரும்பி வந்து புஷ்கர், கோவா, புனே என்று சுற்றினான். புனேயில் ஓஷோ ஆசிரமம் இருக்கும் கோரேகாவ் பார்க்கில் அறை எடுத்தான். வெள்ளைக்காரர்கள் தியானத்துக்கு வரும் தெரு, அவர்களை நம்பிய பேக்கரி, லாட்ஜ், துணிக்கடை என்று நம் ரமண நகரின் அண்ணன் மாதிரி இடம் அது. 2010 பிப்ரவரி 13 அன்று அங்கே ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். ஹெட்லியின் கையில் இருந்த காகிதங்களில் ஒன்றும் போலி இல்லை. எந்த ரிசப்ஷன் பையனாக இருந்தாலும் சாவியைக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பான்.

விசா கொடுத்தவர்கள் கோட்டை விட்டதற்குத் தண்டனை யாருக்கு வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2009 இறுதியில், ஒருமுறை வந்து போன சுற்றுலாப் பயணி இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்றார்கள். டிசம்பரில் வந்து, நடுவில் இலங்கைக்கோ நேபாளத்துக்கோ போய்விட்டு, மறுபடி மலையடிவாரத்துக்கு வரும் நம் நிரந்தர விருந்தினர்கள் அலைக்கழிந்தார்கள். 2012 இறுதியில்தான் பெரும்பாலான நாட்டவருக்கு அதை நீக்கினார்கள்.

ஹெட்லி பாணி ஆட்கள் அரிது. உள்ளூர்த் தீவிரவாதிக்கும் வெளிநாட்டு அமைப்புக்கும் இன்று பாலம் போடுவது பாஸ்போர்ட் அல்ல, மொபைல். இதற்குத் தமிழ் பேசும் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குத் தலைமை தாங்கிய, காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிமின் பேச்சுகள் தமிழில் இருந்தன, வீடியோவாகப் பரவின. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒருவர் அவனோடு பேஸ்புக்கில் தொடர்பில் இருந்தார் என்று சொல்லித்தான் 2019 ஜூனில் என்ஐஏ கோவையில் சோதனை நடத்தியது. அந்தச் சமயத்தில் விசாரித்து அனுப்பப்பட்டவர்களில் ஜமேஷா முபினும் ஒருவர். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியலில், கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே மாருதி காரில் கேஸ் சிலிண்டர் வெடித்துச் செத்தது அதே முபின்தான். வீட்டில் 75 கிலோ வெடிபொருள் மூலப்பொருட்கள் இருந்தன என்று போலீஸ் சொன்னது. ஐஎஸ் தலைவனுக்கு அவர் விசுவாசப் பிரமாணம் எடுத்திருந்தார் என்றது என்ஐஏ. அவர் எந்த லாட்ஜிலும் அறை கேட்கவில்லை. கோட்டைமேட்டில் வாடகை வீடு இருந்தது.

கொழும்பு நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. ஷாங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய நட்சத்திர விடுதிகள் மூன்றும் தாக்கப்பட்டன. தாஜ் சமுத்ராவில் குண்டு வெடிக்காமல் போனவன் தெஹிவளையில் மிருகக்காட்சிசாலைக்கு அருகே இருந்த சிறிய விடுதிக்குப் போனான். அது அங்கே வெடித்தது. நம்மில் பலர் நடத்துவது போன்ற சாதாரண விடுதி. கொன்றவர்கள் எல்லோரும் இலங்கைக் குடிமக்கள். வெளிநாட்டவருக்கான எந்தப் படிவமும் அவர்களுக்குப் பொருந்தாது.

தகவல் கிடைக்காமல் நடந்த கோரம் அல்ல அது. அதற்கு முன்பே கோவையில் பதிவான வேறொரு ஐஎஸ் வழக்கில் துருவியபோது கிடைத்ததை வைத்து இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே கொழும்புக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதன் மேல் நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது இதற்காகத்தான். முபின் விஷயத்திலும் பெயர் முன்பே கையில் இருந்தது. சேகரிப்பதில் குறையில்லை. சேர்த்ததைப் படிப்பதில்தான் குறை. அதற்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் சேகரிக்கச் சொல்கிறார்கள்.

சேகரிப்பது யார்? இரவு பதினொன்றரைக்குப் பெங்களூரு பஸ்ஸில் வந்து இறங்கும் ஜெர்மன் அம்மாவின் பாஸ்போர்ட்டை நம் பையன் மொபைலில் போட்டோ எடுக்கிறான். லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் விழுகிறது. சாய்த்துப் பிடித்து மறுபடி எடுக்கிறான். சைஸ் கூடிவிட்டது என்று சி ஃபார்ம் தளம் திருப்பி அனுப்புகிறது. சுருக்கி ஏற்றினால் அதற்குள் லாகின் போய்விடுகிறது. காலையில் ஸ்டேஷனிலிருந்து வரும் காவலர் அதே விவரத்தை ஜெராக்ஸில் கேட்கிறார். ஆன்லைனில் இருக்கிறதே ஐயா என்றால், அது எங்களுக்கு வராது என்கிறார். தீபத்துக்கு முந்தைய வாரம் இதையே நோட்டில் எழுதித் தரச் சொன்ன வருஷமும் உண்டு.

இடையில் ஒரு வார்த்தை நமக்குள். தெஹிவளையைக் காரணம் காட்டி, ஆதார் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்ததும் ரூம் இல்லை என்று சொல்லும் லாட்ஜுகள் நம் ஊரிலும் இருக்கின்றன. அது பாதுகாப்பும் அல்ல, தொழிலும் அல்ல. கோவையிலிருந்து பிள்ளை குட்டிகளோடு வரும் ஒரு குடும்பத்தை ராத்திரியில் பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பி அனுப்பினால் எந்த பயங்கரவாதியும் பிடிபடப் போவதில்லை. அந்தப் பேச்சை நம் கவுண்டரில் அனுமதிக்காதீர்கள்.

இனி நெடுநாள் குறை. சீசன் வாடகை வீடுகள். வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுக்கும் தனி வீட்டுக்காரரும் தகவல் தர வேண்டும் என்பது புதுச் சட்டம் கண்டுபிடித்ததல்ல. பழைய நடைமுறையிலேயே இருந்தது. ரமண நகரின் சந்துகளிலும் பெரும்பாக்கம் சாலை ஓரத்திலும் நவம்பரில் பெயிண்ட் அடித்து, கெய்சர் மாட்டி, மார்ச் வரை மாத வாடகைக்கு விடும் மாடிகள் எத்தனை? போர்டு கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது, தீயணைப்புச் சான்று கிடையாது. புரோக்கர் மொபைலில் படம் அனுப்புகிறார், அட்வான்ஸ் கைமாறுகிறது, சாவி ஆட்டோக்காரரிடம் இருக்கிறது. நாம் பத்து அறைக்கு லைசென்ஸ், கேமரா, ரெஜிஸ்டர் எல்லாம் வைத்துக்கொண்டு நோட்டீஸ் வாங்குகிறோம். எதிர் வீட்டு மாடியில் ஆறு மாதமாக யார் இருக்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்கும் தெரியாது, நகராட்சிக்கும் தெரியாது.

பொறாமையில் சொல்வதாக அதிகாரிகள் நினைக்கலாம். கொஞ்சம் பொறாமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோட்டைமேடு என்ன காட்டியது? பயங்கரவாத வழக்குகளில் சுமார் 30 ஆண்டுகள் தேடப்பட்ட நாகூர் அபுபக்கர் சித்திக் 2025 ஜூலையில் ஆந்திராவில் பிடிபட்டபோது எங்கே இருந்தார்? குடியிருப்புப் பகுதியில், கடை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரோடு சாதாரணமாக. ஒளிய நினைப்பவன் கேமராவும் கையெழுத்து நோட்டும் இருக்கிற இடத்துக்கு வர மாட்டான். இதை எழுத்தில் கொடுத்தாயிற்று, நேரில் சொல்லியாயிற்று. ஒரு கூட்டத்தில், வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்ய முடியாது, நீங்கள்தான் வசதியாகக் கிடைக்கிறீர்கள் என்று ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. வசதியாகக் கிடைப்பவனைக் கேட்பதற்குப் பெயர் கண்காணிப்பா? வருடா வருடம் சுற்றறிக்கை வருகிறது, அபராத எச்சரிக்கை வருகிறது. நாம் ஏற்றிய ஆயிரக்கணக்கான படிவங்களில் ஒன்றைப் பார்த்து ஒரு கேள்வி, ஒரு தொலைபேசி அழைப்பு எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

ஆகவே மூன்று கோரிக்கைகளோடு மனு தயாராகிறது. வெளிநாட்டவருக்கு விடும் வாடகை வீடுகளை வார்டு வாரியாகக் கணக்கெடுத்து அதே தளத்தில் சேர்க்க வேண்டும். ஆன்லைனில் பதிந்ததைக் காகிதத்தில் மறுபடி கேட்கக் கூடாது. தளம் முடங்கிய நேரத்தை 24 மணி நேரக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அறை எண்ணிக்கையோடு உங்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் சேர்ந்தே கொடுப்போம். மனு ரசீது வாங்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.