காலுக்குப் பொருந்துவதே அழகு



புதுச் சாறி எடுத்தால் அதற்கேற்ற சட்டை, வளையல், காதணி என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறோம். கடைசியாகத்தான் செருப்பு நினைவுக்கு வரும். அப்போதும் நாம் பார்ப்பது நிறத்தையும் விலையையுமே. நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் காலிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அதனால் வந்த வேதனையைச் சொல்லிவிட்டே மற்ற விடயங்களுக்குப் போகவேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, துறைமுகப் பக்கத்தில் நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் ஓர் அக்கா இருந்தார். மகளின் கலியாணம் நெருங்கியிருந்தது. "தங்கச்சி, உமக்குத்தான் இதெல்லாம் தெரியும், ஒருக்கால் கடைக்கு வாரும்" என்று என்னைக் கூட்டிப் போனார். மரூன் நிறச் சாறிக்குப் பொருத்தமாகக் கல் பதித்த, முன்பக்கம் ஒடுங்கிய, குதி உயர்ந்த செருப்பு ஒன்றைத் தெரிவுசெய்து கொடுத்தவள் நானே. "கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு" என்றார். "போடப் போட இளகிவிடும் அக்கா" என்றேன். அவருக்குப் பல வருடங்களாக நீரிழிவு இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் நீரிழிவுக்கும் செருப்புக்கும் என்ன தொடர்பு என்பது தெரியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தும், பக்கத்தில் நிற்பவரின் காலைக் குனிந்து பார்க்கும் அறிவு எனக்கு அன்று இருக்கவில்லை.

கலியாணத்தன்று காலையிலிருந்து இரவுவரை அந்தச் செருப்போடு நின்றார். மறுநாள் சின்னவிரலில் கொப்புளம். மஞ்சள் பூசினார். பத்து நாட்களின் பின் விரல் கறுத்துவிட்டது. வைத்தியசாலையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது என்மீது கோபப்படவில்லை. "காலில ஒண்டுமே நோகேல்லத் தங்கச்சி, அதுதான் கவனிக்கேல்ல" என்றார். அந்த 'நோகேல்ல' என்ற சொல்லில்தான் முழு விடயமும் இருக்கிறது.

நீரிழிவு நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்தோட்டமும் குறைகிறது. செருப்பு கடித்தாலும், முள்ளுக் குத்தினாலும், சூடு பட்டாலும் தெரியாது. புண் வந்தால் இலகுவில் ஆறாது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். ஆகவே இது யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அம்மாவோ மாமியோ இருப்பார்.

இனி, செருப்பு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பின்னேரத்தில் கடைக்குப் போங்கள். நடந்தும் நின்றும் களைத்த கால் பின்னேரத்தில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த செருப்பு அப்போது கடிக்கும். இரண்டு காலையும் போட்டுப் பாருங்கள், பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போடப் போட இளகும்" என்று கடைக்காரர் சொன்னாலும், என்னைப் போன்ற ஒருத்தி சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் இருக்கும் வயதானவருக்கு வாங்குவதானால், ஒரு கடதாசியில் அவரை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு கீறி வெட்டி எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கடதாசி செருப்பினுள் மடங்காமல் கிடந்தால் அளவு சரி. புதியதை முதல் நாளே வெளியில் போடாமல், வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் போட்டு நடந்து, கழற்றிக் காலில் சிவந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாறி உடுக்கும் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் உயர்ந்த குதியை விரும்புகிறார்கள். சாறியின் மடிப்பு அழகாக விழும் என்பது உண்மைதான். ஆனால் குதி உயர உயர உடற்பாரம் முன்பாதத்தில் இறங்குகிறது. ஒடுங்கிய முன்பக்கத்தில் விரல்கள் நெரிந்து, நாளடைவில் பெருவிரல் உள்ளே சாய்ந்து மூட்டெலும்பு புடைத்துவிடும். கால் ஆணியும் வரும். நாள் முழுவதும் வகுப்பில் நிற்பவர்களுக்கு அகன்ற, தாழ்ந்த குதி போதும். உயர்ந்ததை விழாவுக்கு வைத்துக்கொண்டு, கைப்பையில் தட்டையான செருப்பு ஒரு சோடி எடுத்துச் செல்லலாம். சாறியின் கரை செருப்பை மறைத்துவிடும், யாரும் கவனிக்கப் போவதில்லை.

அன்றாடம் நாம் போடுவது 'பாட்டா'. 1894 இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரில் தோமஸ் பாட்டா தொடங்கிய நிறுவனத்தின் பெயர், நமது ஊரில் இறப்பர்ச் செருப்புக்கே பெயராகிவிட்டது. எந்த நிறுவனம் செய்தாலும் நமக்கு அது பாட்டாதான். குளியலறைக்கும் முற்றத்துக்கும் அது நல்லது. ஆனால் தார் வீதியில் நீண்ட தூரம் நடக்க ஏற்றதல்ல. அது கழராமல் இருக்க விரல்கள் எந்நேரமும் இறுக்கிப் பிடிக்கின்றன. அடிப்பக்கம் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும். குதிப்பக்கம் கடதாசிபோல் மெலிந்துவிட்டால், வார் அறுந்துபோகும் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். மீன் சந்தையிலும் கருவாட்டு வாடியிலும் நிற்கும் சகோதரிகளுக்கு உப்பு நீரும் மீன் முள்ளும் எந்நேரமும் ஆபத்து. முன்பக்கம் மூடிய இறப்பர்ச் சப்பாத்தே பாதுகாப்பு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகக் கிருமி உடலுக்குள் புகுகிறது. சேற்றில் சப்பாத்து போட்டு நாற்று நடுவது கடினம் என்பது எனக்குத் தெரியும். வரப்பில் நடக்கும்போதாவது போடுங்கள். காலில் காயம் உள்ள நாட்களில் சேற்றில் இறங்காதீர்கள். வயல் வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இரண்டு வருடம் வரட்டும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறோம். பிள்ளை தடக்கி விழும், குதிக்கால் உரசும். ஒரு பெருவிரல் அகலம் கூட இருந்தால் போதும். மாரி மழையில் நனைந்த சப்பாத்தினுள் பழைய பத்திரிகைக் கடதாசியைத் திணித்து வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். நனைந்த மேசை மறுநாளும் போட விடாதீர்கள்.

செருப்பே போடாத இடங்களும் நமக்கு உண்டு. பிரெட்றிக் கோட்டை வழியாகச் சுவாமி மலையேறிக் கோணேஸ்வரப் பெருமானைத் தரிசிக்கப் போகிறோம். நண்பகலில் அந்தக் கல்லும் சீமெந்தும் எப்படிச் சுடும் என்பது தெரியும்தானே. சுடுவதை உணரும் கால் விரைவாக நடந்துவிடும். உணராத கால் ஆறுதலாக நடந்து கொப்புளத்தோடு வீடு திரும்பும். நீரிழிவு உள்ளவர்கள் காலை வேளையில், அல்லது பொழுது சாய்ந்த பின் போங்கள். தடித்த பருத்தி மேசு ஒரு சோடி கையில் இருந்தால் சுடும் நிலத்தைக் கடக்க உதவும். செல்வச்சந்நிதியிலிருந்து நமது மாவட்டத்தின் வழியே கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரையில் சேர விரும்புவோரும், வைத்தியரிடம் காலைக் காட்டிவிட்டே புறப்படுங்கள். பக்தி காலைப் புண்ணாக்கித்தான் காட்டப்பட வேண்டும் என்றில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்க வேண்டும். போடுமுன் ஒவ்வொரு முறையும் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சிறு கல்லும் புண்ணாக்கும். இரவில் படுக்குமுன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சிறு கொப்புளமானாலும் மஞ்சளோடும் பற்பசையோடும் நிறுத்திவிடாமல் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

அந்த அக்கா இப்போது முன்பக்கம் அகன்ற, பின்வார் வைத்த செருப்புத்தான் போடுகிறார். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் முதலில் மற்றவர்களுடைய கால்களைத்தான் பார்ப்பார். ஒருநாள் என்னுடைய காலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உம்மட செருப்பும் இறுக்கம்தான்" என்றார். அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

இன்று இரவு, வேலைகள் எல்லாம் முடிந்தபின், உங்கள் அம்மாவின் பாதத்தை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு உங்களுடையதையும் பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.